வண்டிக்கு ஒரு தூக்குமேடை

"தூக்குமேடை ஒன்று தயார் செய்யலாமென்று இருக்கிறேன். நீங்கள் ஒரு நடை வந்து யோசனை சொல்லிவிட்டுப் போக வேணுமுங்க" என்று போத்தனூர் நண்பரிடமிருந்து டெலிபோனில் செய்தி வந்தபோது நாம் திடுக்கிட்டுப் போனோம். நண்பர் ரயில்வே சிக்னல் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர். பரம சாது. எறும்பு ஊர்ந்தால் கூடக் காலைத் தூக்கித் தாண்டிப் போகிறவர். அப்பேர்ப்பட்ட மனிதருக்குத் தூக்குமேடை எதற்கு? யாரைத் தூக்குவதாக உத்தேசம்?

விசாரித்ததில், தூக்கப்பட வேண்டியது மனிதரல்ல, மோட்டார் சைக்கிள் என்று தெரிந்தது. மனம் ஒருவாறு நிம்மதியடைந்தது. யந்திர விஷயத்தில் நம்முடைய ஞானம் பௌண்டன் பேனாவுக்கு மசி ஊற்றுவதோடு முடிந்துவிடுகிறது என்பதை நண்பர் அறிவார். அறிந்தும் கூப்பிடுகிறாரென்றால், வீட்டில் ஏதோ வழக்கு நடக்கிறது, நம்மை மத்தியஸ்தத்துக்கு அழைக்கிறார் என்று ஊகித்துக்கொண்டோம். ஊகம் சரியாகவே இருந்தது.

கோயமுத்தூரிலிருந்து போத்தனூருக்குப் போகிறவர்கள் ஏதோ பட்டணத்திலிருந்து பேட்டைக்குப் போவதாக நினைத்துக்கொள்கிறார்கள். போத்தனூர்க்காரர்களின் அபிப்பிராயம் நேர்மாறானது. 1862-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு ரயில் பாதை போட்டபோது, பாதை போத்தனூர் வழியாகத்தான் போயிற்று. கோயமுத்தூர் நகரத்துக்கு ரயில் வந்தது அதற்குப் பதினோரு வருஷம் கழித்து, 1873-இல், போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்ட பிறகுதான். ஆகையால் ரயில் கணக்குப்படி கோயமுத்தூர்தான் போத்தனூரின் கிளை. இந்த விஷயத்தை நம் நண்பர் ஸ்டேஷனிலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் மூன்று தடவை சொன்னார்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த கொட்டகை. அதன் நடுவே, தார்ப்பாய்க்கு அடியில், ஒரு 350 சி.சி. புல்லட் வண்டி. வண்டி என்று சொல்வது மரியாதைக்காக. சட்டமும் எஞ்சினும் இரண்டு சக்கரங்களும் மாத்திரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மற்ற அவயவங்கள் எல்லாம் பிஸ்கோத்து டப்பாக்களிலும், பழைய செய்தித்தாள் பொட்டணங்களிலும் அடங்கியிருந்தன. ஓர் ஓரத்தில் இட்லித் தட்டு ஒன்று இருந்தது. அதன் குழி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ரகமான போல்ட்டும் நட்டும் வாஷரும் இனம் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. இதைவிடச் சிறந்த ஏற்பாடு எந்தப் பெரிய தொழிற்சாலையிலும் இருக்க முடியாது என்று நாம் வியந்தோம். உள்ளேயிருந்து வந்த அம்மாள் வியக்கவில்லை.

"ஏனுங்க, நீங்களே பார்த்துச் சொல்லுங்க. இட்லி வேணும்னு கேக்கறதும் இவருதான், தட்டை எடுத்துட்டு வந்து மண்ணெண்ணெயிலே முக்கினதும் இவருதான்" என்றார் அம்மாள்.

"புதுசு ஒண்ணு வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டனே, அம்மிணி!" என்றார் நண்பர்.

ஆனால் வழக்கு இட்லித் தட்டைப் பற்றியதல்ல.

அந்த வண்டி நண்பருடைய தகப்பனார் 1968-ஆம் ஆண்டில் வாங்கியது. தகப்பனார் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவர். வாரத்தில் நாலு நாள் ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊர்ந்தவருக்கு, மீதி மூன்று நாள் வேகமாகப் போக வேண்டுமென்ற ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. பிள்ளைகளை முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் போய் வருவாராம். அவர் காலமான பிறகு வண்டி கொட்டகையில் நின்றுவிட்டது. டயர் வெடித்து, டாங்க் துருப்பிடித்து, ஸீட்டில் எலி குடித்தனம் செய்து, இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. ஓய்வு பெற்றதும் நண்பர் அதைப் பழையபடி ஓட வைப்பதென்று விரதம் எடுத்துக்கொண்டார்.

சென்ற மாதம் எஞ்சினைக் கழற்றுவதற்காக, வண்டியைச் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றி நிறுத்தினார். கீழே உட்கார்ந்து ஒரு முரட்டு நட்டை ஸ்பானரால் இழுத்தார். நட்டு அசையவில்லை. செங்கல் அசைந்தது. வண்டி சாய்ந்தது. நண்பருடைய கால் கட்டைவிரல் நசுங்கியதோடு போயிற்று. ஆனால் அதற்கு ஒரு நிமிஷத்துக்கு முன்புதான், மகள் வயிற்றுப் பேரன், எட்டு வயதுப் பையன், "அப்புச்சி, தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து உள்ளே போயிருந்தான்.

இதைச் சொல்லும்போது நண்பரின் குரல் தழுதழுத்தது. அம்மாள் ஒன்றும் சொல்லாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தம்முடைய தீர்ப்பைச் சொன்னார்: ஒன்று, வண்டியைத் தூக்கி நிறுத்துவதற்குத் தக்க சாதனம் வர வேண்டும், இல்லாவிட்டால் உக்கடம் பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டு எடை போட்டுக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது மார்க்கம் கிடையாது. இந்தத் தீர்ப்பில் மாற்றுவதற்கு நமக்கு ஓர் எழுத்துக்கூட அகப்படவில்லை.

* * *

கொங்கு நாட்டில் மோட்டார் சைக்கிளைக் கழற்றுவது என்று பேச்சு வந்துவிட்டால், ஜி. டி. நாயுடுவின் கதையைச் சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். நாமும் விடப்போவதில்லை.

1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் தேதி கோயமுத்தூருக்கு அருகில் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. ஒரு சமயம் ரெவினியூ உத்தியோகஸ்தரான லங்காஷையர் என்ற வெள்ளைக்காரர் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றில் வந்ததைப் பார்த்தார். மாடு இல்லாமல், மிதிக்காமல், தானே ஓடும் வண்டி! அந்த நாளில் கிராமத்தார் பலரும் அதைப் பார்த்திருப்பார்கள். பார்த்து, வாயைப் பிளந்து, பிறகு மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். நாயுடுவுக்கு மட்டும் அது உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்தாக வேண்டியிருந்தது. கோயமுத்தூருக்குப் போய் ஹோட்டலில் பரிமாறுகிற வேலைக்கு அமர்ந்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, சில நூறு ரூபாய் கையில் சேர்ந்ததும் அதே துரையிடம் போய் அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கி என்ன செய்தார் என்பதுதான் விஷயம். அதன் மேல் ஏறி ஊர்வலம் போயிருக்கலாம். அதற்குப் பதிலாக, வண்டியை அக்கக்காகப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்று கண்டுகொண்டு, மறுபடியும் பூட்டினார். அந்த இரும்புத் துண்டுகளே அவருக்குப் பாட புஸ்தகம். 1920-இல் ஒரு மோட்டார் பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதிலிருந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் வளர்ந்தது. 1937-இல் அவரும் பாலசுந்தரமும் சேர்ந்து உள்ளூரிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள். பின்னால் ஆர்தர் ஹோப் பெயரால் ஏற்பட்ட பொறியியல் கல்லூரியைத் தலைமை வகித்து நடத்தியபோது, நாலு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்தில் கற்றுக்கொடுக்கலாம் என்று வாதாடினார். ரட்ஜ் வண்டியிடம் பாடம் கேட்டவர் வேறு எப்படிப் பேசுவார்?

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்திலிருந்த ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனி சைக்கிள் செய்துகொண்டிருந்து, 1911-இல்தான் மோட்டார் சைக்கிளில் இறங்கியது. அந்தக் காலத்து ரட்ஜ் வண்டிக்குச் சங்கிலி கிடையாது; பெல்ட்டுதான் பின் சக்கரத்தைச் சுற்றும். பார்வைக்குச் சைக்கிளுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். இரண்டு பேர் பிடித்தால் திண்ணை மேல் தூக்கி வைத்துவிடலாம். ஆகையால் நாயுடுவுக்குத் தூக்குமேடைப் பிரச்சினை எழுந்திராது என்று நினைக்கிறோம். புல்லட்டின் சமாசாரம் வேறு. ஏறத்தாழ 160 கிலோ கனம். அறுபது வயதுக்கு மேல் முதுகெலும்பு உள்ளவர்கள் குனிந்து அதோடு மல்யுத்தம் செய்வது உசிதமல்ல.

* * *

தூக்குமேடைக்கு வருமுன், பழைய வண்டியைப் புதுப்பிப்பதில் நண்பர் கண்ட சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம். வாசகர் வீட்டுக் கொட்டகைகளிலும் இப்படி ஏதாவது ஒரு தகப்பனார் வண்டி தூங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

முதலாவது, ஸ்பானர். இந்தப் புல்லட் 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் செய்யத் தொடங்கிய ஜாதி. தாய்க் கம்பெனி 1970-வாக்கில் மறைந்துபோயிற்று. பிள்ளை இங்கே பிழைத்துக்கொண்டது. அது மட்டுமா? 1977-இலிருந்து சென்னையில் செய்த புல்லட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயின. மாமியார் வீட்டுக்குச் சீர் கொண்டுபோன மாதிரி! ஆனால் பிறந்த வீட்டுப் பழக்கம் போகவில்லை. பழைய வண்டிகளின் மரைகளெல்லாம் ஆங்கிலேய அளவு. சிலவற்றில் ஓர் அங்குலத்துக்கு 26 மரை ஓடும். இந்த நட்டுகளில் இப்போது கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால், கிட்டத்தட்டப் பொருந்துவது போலிருக்கும். அந்தக் 'கிட்டத்தட்ட' தான் நாசம். நாலு தடவை இழுத்தால் நட்டின் மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிடும். அப்புறம் உளிதான் கதி. விட்வொர்த் ஸ்பானரில் இன்னொரு வேடிக்கை: அதன் மேல் பொறித்திருக்கும் அளவு ஸ்பானர் வாயின் அளவு அல்ல, போல்ட்டின் அளவு. நண்பர் உக்கடத்துக் கடைகளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து ஒரு ஜதை முழுசாகச் சேர்த்துவிட்டார். புது ஸ்பானரை விட அவை வலிவு என்கிறார். இருக்கலாம். அவற்றைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் தோன்றிய பெருமிதத்துக்காகவாவது ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது, துரு. மணல் காகிதத்தால் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்த பிறகு, அவர் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடாவைக் கரைத்து, பாட்டரி சார்ஜரை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். துருப்பிடித்த சாமானை எதிர் முனையிலும், உபயோகமற்ற இரும்புத் துண்டு ஒன்றை நேர் முனையிலும் கட்டித் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். ஓர் இரவில் துரு கறுப்புச் சேறாகக் கழன்றுவிடுகிறது. ஆனால் மூன்று எச்சரிக்கை சொன்னார். தொட்டியிலிருந்து கிளம்புவது ஹைட்ரஜன். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் ஆகாது. நேர் முனையில் எவர்சில்வர் சாமான் கூடாது. அதிலுள்ள குரோமியம் தண்ணீரை விஷமாக்கிவிடும். அலுமினியத்தைச் சோடாவில் போட்டால் துருவோடு சாமானும் கரையும். அம்மாளின் எவர்சில்வர் கரண்டி ஒன்று மயிரிழையில் தப்பிய கதையை நாம் இங்கே விவரிக்கவில்லை.

பெட்ரோல் டாங்கைப் பற்றி மட்டும் விளையாட்டுக்கு இடமில்லை. பல வருஷமாகக் காலியாயிருக்கும் டாங்க் உண்மையில் காலியல்ல, ஆவி இருக்கும். ஓட்டையை அடைக்கலாமென்று நெருப்பைக் காட்டினால் வெடிகுண்டுதான். நண்பர் அதைத் தாமே தொடாமல், இதையே தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது விஷயம் சர்க்கார் சம்பந்தமானது. நண்பருடைய மருமகப் பிள்ளை, "எதற்கு மாமா பழைய சாமான்? டிஸ்க் பிரேக்கும் செல்ப் ஸ்டார்ட்டரும் போட்டுப் புது வண்டி மாதிரி ஆக்கிவிடலாமே" என்று யோசனை சொன்னாராம். நல்லெண்ணந்தான். ஆனால் 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி செய்திருக்கிறார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷத்துக்கு மேற்பட்டு, மூல உருவம் கெடாமல், பெரிய மாறுதல் எதுவும் செய்யாமல் இருக்கும் வண்டிகளை அந்த வகுப்பில் பதிந்துகொள்ளலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். கண்காட்சிக்கும், பழைய வண்டிகளின் அணிவகுப்புக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் சாலையில் கொண்டு போகலாமே தவிர, தினசரி உபயோகத்துக்குக் கூடாது. ஆக, டிஸ்க் பிரேக்கைப் போட்ட மாத்திரத்தில் தகப்பனார் வண்டி அந்த மரியாதையை இழந்துவிடக் கூடும். நண்பர் யோசித்து, பழைய டிரம் பிரேக்குக்குப் புது லைனிங் போதும் என்று முடிவு செய்தார். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று இருக்கும் அந்த வண்டியின் தலைகீழ் வழக்கத்தையும் மாற்றப் போவதில்லையாம். தகப்பனார் எந்தக் காலால் மிதித்தாரோ அந்தக் காலாலேயே மிதிப்பேன் என்கிறார்.

* * *

இனி மேடை.

நாம் முதலில் சொன்ன யோசனை, கொட்டகையின் உத்தரத்தில் செயின் பிளாக்கை மாட்டி, கிணற்றில் வாளி இழுப்பது போல் வண்டியைத் தூக்கிவிடலாம் என்பது. யோசனை செலவு குறைந்தது என்று நமக்கே திருப்தியாயிருந்தது. அம்மாள் அண்ணாந்து உத்தரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு நம்மை ஒரு தடவை பார்த்தார். கறையான் தின்ற உத்தரம் அது. வண்டி மேலே போவதற்குப் பதில் ஓடுகள் கீழே வந்திருக்கும். யோசனையை வாபஸ் பெற்றுக்கொண்டோம்.

அடுத்தது, கடைகளில் கிடைக்கும் சிறிய ஜாக்கி. எஞ்சினுக்கு அடியில் வைத்து நெம்புவது. பல வண்டிகளுக்கு இது போதும். புல்லட்டின் சட்டம் வேறு மாதிரி. முன்பக்கத்துக் குழாய் எஞ்சின் வரையில் வந்து நின்றுவிடுகிறது. எஞ்சினுக்கு அடியில் தொட்டில் போன்ற குழாய் இல்லை. எஞ்சினே சட்டத்தின் ஓர் அங்கம். ஜாக்கியை எஞ்சினுக்கு அடியில் வைத்துக்கொண்டு எஞ்சினையே கழற்றுவது எப்படி? உட்கார்ந்த கிளையை வெட்டிய கதைதான். ஆகவே வண்டி முழுவதையும், சக்கரங்களோடு, ஒரு பலகையின் மேல் ஏற்றி, முன் சக்கரத்தை இறுகப் பிடித்து நிறுத்தி, பலகையோடு இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் மேடைதான் சரி.

இந்த மேடைகளுக்குக் கத்தரிக்கோல் கால்கள். கால்களை விரித்துக்கொண்டு நிற்பது மின்சாரத்தாலோ, காற்றாலோ, எண்ணெயாலோ. காற்று என்றால் கம்ப்ரஸர் வேண்டும். அது போடும் சத்தத்தில் அண்டை வீட்டார் சண்டைக்கு வருவார்கள். மின்சாரம் என்றால் பணம் அதிகம். வண்டி நடு வானத்தில் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் திரிசங்கு சொர்க்கம். மிச்சம் காலால் மிதிக்கும் எண்ணெய் பம்பு. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசத்துப் பாஸ்கல் என்பவர், அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே பரவுகிறது என்று கண்டு சொன்னார். 1795-இல் பிராமா என்ற ஆங்கிலேயர் அதை வைத்துப் பெரிய அமுக்கு யந்திரம் செய்தார். சிறிய குழாயில் கால் கொடுக்கும் சொற்ப பலம், பெரிய குழாயில் பன்மடங்காகிறது. மெதுவாகத்தான் ஏறும். நண்பருக்கு என்ன அவசரம்? கூட்ஸ் கார்டின் பிள்ளை.

விற்பனைக்காரர்கள் மேடையின் படத்தைக் காட்டும்போது, அது எவ்வளவு உயரம் போகிறது என்பதையே பெருமையாகச் சொல்கிறார்கள். நண்பர் அது எவ்வளவு தாழ இறங்குகிறது என்று முதலில் கேட்டார். நிரம்ப உயரமாய் நின்றால் வண்டியைத் தள்ளி ஏற்ற முடியாது. நிரம்பத் தாழ்ந்து மடங்கினால், கத்தரிக்கோல் கால்கள் படுத்துவிட்ட நிலையில் முதல் தூக்கலுக்கு மிகவும் அதிகமான பலம் தேவைப்படும். பிரம்மாண்டமான எண்ணெய்க் குழாய் இல்லாமல் அது கிளம்பாது. ஏழெட்டு அங்குலத்தில் நின்று, சாய்வுப் பலகை வைத்துக்கொள்வது நடுவழி. பலகை 7 அடி நீளத்துக்குக் குறைந்தால் புல்லட் வால் தொங்கும். பின் சக்கரத்துக்கு நேரே பலகையில் ஒரு துண்டு கழன்று வர வேண்டும். இல்லாவிட்டால் சக்கரத்தைக் கீழே இறக்கி எடுக்க முடியாது. கனத்தைப் பொறுத்தவரையில், வண்டி 160 கிலோ என்பதால் 200 கிலோ மேடை போதுமென்று நினைக்கக் கூடாது. முரட்டு நட்டை ஒருவர் தம் முழுப் பலத்தோடு இழுக்கும்போது அந்தப் பலமும் மேடையின் மேல்தான் விழுகிறது. இரண்டு பங்காவது தாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

இவ்வளவுக்கும் மேலாக ஒரு பூட்டு. எண்ணெய்க் குழாயின் உள்ளேயிருக்கும் ரப்பர் வளையம் என்றைக்காவது தேயும். தேய்ந்தால் எண்ணெய் கசியும். கசிந்தால் மேடை சத்தமில்லாமல் இறங்கும். அடியில் கையை நீட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு அது முன்னறிவிப்புக் கொடுக்காது. ஆகையால் மேடை ஏறி நின்றவுடனே, எண்ணெயை நம்பாமல், இரும்புக் கம்பி ஒன்று குறுக்கே போய்க் கால்களைத் தாங்கிக்கொள்ள வேண்டும். சிக்னல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. "ரயிலிலே பாயிண்டு மாறிச்சுன்னு நம்பினாப் போதாதுங்க. பூட்டு விழுந்தாத்தான் சிக்னல் இறங்கணும்" என்றார்.

வெளிதேசத்துச் சரக்கு ஒன்று விலை சரசமாக வந்தது. பார்வைக்கும் பளபளவென்றிருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் என்ன அளவு, கெட்டால் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு விற்பவரிடம் பதில் இல்லை. போத்தனூரை அடுத்த குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் நண்பர் தாமே படம் வரைந்து கொடுத்தார். கோயமுத்தூர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவிலேயே குழாயும் வளையமும். மூன்று உயரத்தில் பூட்டு. ரப்பர் ஹோஸ் வெடித்தாலும் மேடை தடாலென்று விழாமல் மெள்ள இறங்கும்படி ஒரு வால்வு. சுதேசிச் சரக்கு என்பதற்காக நண்பர் சலுகை ஒன்றும் காட்டவில்லை. இதை நாம் மிகவும் மெச்சினோம். உள்ளூர் மனிதர் செய்தது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும், அயலூர் சரக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் ஒரே குருட்டுத்தனத்தின் இரண்டு கண்கள்.

மேடை வந்த அன்று நாமும் போயிருந்தோம். வண்டியை ஏற்றவில்லை. ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டைகள் ஏழு ஏற்றப்பட்டன. பூட்டைப் போடாமல், பக்கத்துச் சுவரில் சாக்குக் கட்டியால் கோடு கிழித்துவிட்டு எல்லோரும் படுக்கப் போனோம். காலையில் பார்த்தால் மேடை கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியபோது, அவர் சாக்குப்போக்குச் சொல்லாமல் குழாயைக் கழற்றி, வளையம் உட்காரும் இடத்தில் இருந்த நுண்ணிய கீறலைத் தாமே விரலால் தடவிக் கண்டுபிடித்து, எடுத்துப்போய்க் கடைந்து சீராக்கிக் கொண்டுவந்தார். மறுநாள் இரவு மேடை அசையவில்லை. மூன்றாம் இரவு பூட்டைப் போட்டு, எண்ணெயை முழுவதும் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். கம்பி மேல் நின்றது. அப்புறந்தான் அம்மாள் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்தார்.

நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவ்வியை ஆட்டிப் பார்த்தார். மேடை ஏறி இறங்கும்போது பேரன் வந்து நிற்கக் கூடாத இடத்தைத் தரையில் சிவப்புப் பெயிண்டால் வட்டம் போடச் சொன்னார், போடப்பட்டது. பேரன் அந்த வட்டத்துக்கு வெளியே, ஒரு மயிரிழை தள்ளி, இரண்டு கட்டைவிரல்களையும் கோட்டில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சரிங்க. வண்டியை ஏத்தறதுக்கு முந்தி, நம்ம கிரைண்டரை ஒருதரம் ஏத்துங்க. ஆறு மாசமாக் கல்லு ஆடிட்டே இருக்குது, குனிஞ்சு பாக்க முடியலைன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் அம்மாள்.

வெட் கிரைண்டர் என்பது 1955-இல் கோயமுத்தூரில் சபாபதி என்பவர் கண்டுபிடித்து நாட்டுக்கு அளித்த சாதனம். நண்பர் வீட்டிலிருப்பது பழைய காலத்துப் பெரிய ரகம். தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும். நாமும், நண்பரும், பட்டறைக்காரரும், மருமகப் பிள்ளையுமாக அதைச் சுமந்துவந்து மேடையில் வைத்தோம். நண்பர் பம்பை மிதித்தார். கிரைண்டர் மெள்ள மெள்ள இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. 'டக்' என்று பூட்டு விழுந்தது. அம்மாள் உள்ளே போய், இட்லித் தட்டைத் திருப்பித் தரும்படி கேட்டுப் பேரனை அனுப்பினார். நண்பர் குழிகளிலிருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்கு மாற்ற ஆரம்பித்தார்.